பதினேழாம் நம்பர் பூட்டு

சலவை ஆலையில் எல்லோரும் அவரை ஆமாஞ்சாமி என்றுதான் சொல்வார்கள், முதுகுக்குப் பின்னால். முகத்துக்கு நேரே 'அண்ணே'. பகல் ஷிப்ட்டுக்கு அவர்தான் சூப்பர்வைசர். முதலாளி வந்து நின்று, "இந்த மாசம் வேலை மந்தம்" என்றால், "ஆமாங்க, ரொம்பவே மந்தம்" என்பார். முதலாளியின் கார் வாசலைத் தாண்டுவதற்குள் பெண்கள் வந்து, "முதுகு ஒடியுது அண்ணே, வேலை தாங்கலை" என்றால், "ஆமா தங்கச்சி, நானே சொல்லணும்னு இருந்தேன்" என்பார். இரண்டையும் ஒரே முகத்தோடு சொல்வார். அதில் கள்ளம் எதுவும் தெரியாது, ஏனென்றால் சொல்கிற நேரத்தில் இரண்டையுமே அவர் நம்பினார். எதிரே நிற்பவரின் முகம் தன்னைப் பார்த்துக் கோணக் கூடாது. வாழ்க்கையில் அவருக்கு இருந்த ஒரே கொள்கை அதுதான். அதைக் கொள்கை என்று சொன்னால் கொள்கைக்கே கோபம் வரும்.

அப்படிப்பட்ட ஆளை யாருக்குத்தான் பிடிக்காது? தையல் அறையில் வேலை பார்த்த பெரியவளுக்கும் பிடிக்கும். தங்கை செத்த பிறகு இன்னும் கூடுதலாகவே பிடித்தது.

நான்கு ஆஸ்பத்திரிகளின் துணிகள் அந்த ஆலைக்கு வரும். போர்வை, தலையணை உறை, அறுவை அறையின் பச்சைத் துணி எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து, துவைத்து, காய்ந்து, மடிப்புக் கலையாமல் திரும்பிப் போகும். கிழிந்தது மட்டும் தையல் அறைக்கு வரும். பெரியவள் பதினொரு வருஷமாக அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தாள். சின்னவள் டிரையர் பக்கம். அக்காவுக்கு ஊசியும் நூலும் நேராக நிற்க வேண்டும். தங்கைக்கு எதுவுமே நேராக நிற்காது. குடையைப் பஸ்ஸில் விடுவாள், பாலைப் பொங்க விடுவாள், வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வருவாள். "உன் தலை கழுத்தோட ஒட்டியிருக்கிறதால தப்பிச்சது. இல்லைன்னா அதையும் எங்கேயாவது வச்சுட்டு வந்திருப்பே" என்று பெரியவள் தினமும் ஒரு தடவையாவது சொல்வாள். சின்னவள் சிரிப்பாள். அப்பா போன பிறகு அம்மாவையும் சேர்த்து மூன்று பெண்களும் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். வசைக்கும் சிரிப்புக்கும் அங்கே குறைவில்லை.

டிரையர் என்றால் வீட்டில் இருக்கிற மாதிரி அல்ல. ஒவ்வொன்றும் ஒரு அறை அளவு பெரிது. துணி காயக் காய உள்ளே சுவரெல்லாம் பஞ்சு படியும். அதை வழித்தெடுக்காவிட்டால் தீப்பிடித்துக்கொள்ளும். அதனால் தினமும் இரண்டு மணிக்கு, ஷிப்ட் மாறுகிற நேரத்தில், இயந்திரத்தை ஆறவைத்து ஒருத்தி பின்பக்கத்துச் சின்னக் கதவு வழியாக உள்ளே நுழைந்து பிரஷ்ஷால் வழித்துவிட்டு வர வேண்டும். முன்பக்கம் நிற்கிறவருக்கு உள்ளே ஆள் இருப்பது தெரியாது. அதற்காகத்தான் பூட்டு.

பூட்டு விஷயம் இதுதான். டிரையர் பக்கம் வேலை செய்கிற ஒவ்வொருத்திக்கும் நம்பர் போட்ட ஒரு பூட்டு உண்டு. வாசலோரம் ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணி. பூட்டுகள் அதில் சாவியோடு, வாய் திறந்தபடி தொங்கும். உள்ளே போகிறவள் தன் பூட்டை எடுத்து, மெயின் சுவிட்சை இறக்கி, அதில் பூட்டைப் போட்டு, சாவியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போக வேண்டும். அந்தப் பூட்டின் சாவி பூட்டினால்தான் வெளியே வரும், திறந்திருக்கும்போது பிடுங்கினாலும் வராது. ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. அந்தச் சாவி வெளியே வந்து திறக்கிற வரை உலகத்தில் எவனாலும் அந்த இயந்திரத்தை ஓட்ட முடியாது. சுவரில் ஒட்டியிருந்த தாளில் அப்படித்தான் போட்டிருந்தது.

அன்றைக்கு இரண்டேகாலுக்குச் சின்னவள் உள்ளே இருக்கும்போது மூன்றாம் நம்பர் டிரையர் ஓடியது.

கூச்சல் கேட்டுப் பெரியவள் ஊசியோடு ஓடி வந்தாள். அதற்குள் இயந்திரம் நின்றிருந்தது. ஆமாஞ்சாமிதான் உள்ளே புகுந்து சின்னவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் இரண்டு கையும் கொப்பளித்துப் போயிருந்தது. ஆம்புலன்ஸில் அவரும் ஏறிக்கொண்டார். பெரியவள் ஏறும்போது வாசலோரப் பலகை கண்ணில் பட்டது. பதினேழாம் நம்பர் ஆணியில் தங்கையின் பூட்டு வாய் திறந்தபடி, சாவியோடு, தொங்கிக்கொண்டிருந்தது. எடுக்கவே இல்லை. "பாவி, மறந்துட்டியேடி" என்றுதான் அவளுக்கு முதலில் வாயில் வந்தது.

சின்னவள் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கண் திறக்கவில்லை, பேசவில்லை. மூன்றாம் நாள் விடியும்போது போய்விட்டாள்.

அம்மா அழவில்லை. அம்மாவுக்கு வந்தது கோபம். பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது, செத்தவளோடு சண்டை போட்டாள். "ஒரு பூட்டைப் போட உனக்கு என்னடி கேடு? குடையைத் தொலைச்சே, போகட்டும்னு விட்டேன். உன்னையே தொலைச்சுட்டியேடி." மகளை இழந்த துக்கத்தோடு, மகளே தன்னைத் தொலைத்துக்கொண்டாள் என்கிற ஆத்திரமும் சேர்ந்துகொண்டது. பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கும் அதே ஆத்திரம்தான். ஆனால் வெளியே சொல்ல முடியாத இன்னொன்றும் அவளிடம் இருந்தது.

சாவு நடந்த ஒன்பதாம் நாள் ஆமாஞ்சாமி வீட்டுக்கு வந்திருந்தார். கையில் கட்டு. அம்மாவிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், அம்மா திட்டியதற்கெல்லாம் "ஆமாம்மா" என்றார். போகும்போது பெரியவளை மாடிப்படிக்குக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, விசாரணை ஆபீஸ்ல அம்மாவைக் கூப்பிடுவாங்க போல இருக்கு. பெத்தவங்களை உட்கார வச்சு, உள்ளே எப்படிக் கிடந்தா, எவ்வளவு நேரம்னு படத்தை எல்லாம் காட்டிக் கேட்பாங்க. தாங்குவாங்களா?"

"தாங்க மாட்டாங்க அண்ணே."

"அதான். கூடப் பிறந்தவ நீ இருக்கே. நீ வந்து ரெண்டு வரி சொல்லிட்டா போதும். கேஸ் முடிஞ்சிடும். அம்மாவுக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம்."

"நான் என்னண்ணே சொல்றது?"

"பொய் சொல்லச் சொல்வேனா? உள்ளதைச் சொல்லு. கொஞ்சம் மறதிக்காரின்னு உனக்கே தெரியுமே."

பெரியவள் போனாள். கண்ணாடி போட்ட விசாரணை அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். அவள் குடையைச் சொன்னாள், பாலைச் சொன்னாள், வீட்டுச் சாவியைச் சொன்னாள். "அப்போ பூட்டுப் போடவும் மறந்திருக்கலாம், இல்லையா?" என்று அவர் கேட்டார். "மறந்திருக்கலாம் சார். நானே எத்தனையோ தடவை கண்டிச்சிருக்கேன்" என்றாள். அவர் எழுதிப் படித்துக் காட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்ததும் ஆமாஞ்சாமி டீ வாங்கிக் கொடுத்தார். அம்மாவிடம், "ஆபீஸ்ல அவங்களே விசாரிச்சு எழுதி முடிச்சுட்டாங்களாம்" என்று சொல்லிவிட்டாள். அம்மாவைக் காப்பாற்றிவிட்டதாகவே அவளுக்கு நினைப்பு.

சின்னவள் போய் ஆறு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, தையல் அறை மேஜையில் கிழிசல் குவியலுக்கு நடுவே ஒரு ஏப்ரன் வந்தது. ஆலையின் ஏப்ரன்தான். தையல் விட்ட கிழிசல் அல்ல, கத்தரியால் நெஞ்சிலிருந்து கீழே வரை நேராக வெட்டியிருந்தது. இதை யார் வெட்டினார்கள் என்று திருப்பிப் பார்த்தாள். உள்பக்கத்தில், இடுப்புக்கு நேராக, பித்தான் வைத்த ஒரு சின்னப் பை. தன் கைத்தையல் தனக்குத் தெரியாதா? சின்னவள் எதையும் தொலைக்காமல் இருக்கட்டும் என்று அவளே தைத்துக் கொடுத்த பை அது.

நடந்தது இதுதான். ஆஸ்பத்திரியில் அவசரத்தில் ஏப்ரனை வெட்டி உருவி, அழுக்குத் துணி மூட்டையில் போட்டுவிட்டார்கள். மூட்டை எங்கெங்கோ கிடந்து, வழக்கம்போல இந்த ஆலைக்கே வந்து, துவைத்து, காய்ந்து, கிழிசல் என்று பிரித்து, அக்காவின் மேஜைக்கே வந்து சேர்ந்தது. அந்த ஆலையில் எந்தத் துணியும் வீணாவதில்லை.

பித்தான் போட்டபடியே இருந்தது. அவள் கழற்றினாள். உள்ளே சாவி. பதினேழு என்று பொறித்திருந்தது.

பெரியவள் படிப்பு எட்டாவதோடு நின்றுபோனது. ஆனால் இதற்குப் படிப்பு வேண்டாம். பூட்டினால்தான் சாவி வெளியே வரும். சாவி தங்கையின் மடியில் இருந்திருக்கிறது. அப்படியானால் அவள் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறாள். பெரியவள் எழுந்து வாசலோரப் பலகைக்குப் போனாள். பதினேழாம் நம்பர் பூட்டு ஆறு வாரமாக யாரும் தொடாமல் வாய் திறந்து தொங்கியது, அதிலும் ஒரு சாவி. அதை எடுத்துப் பூட்டி, அந்தச் சாவியை உருவிவிட்டு, தன் கையிலிருந்த சாவியைப் போட்டுத் திருப்பினாள். திறந்துகொண்டது. மறுபடி பூட்டி, அந்தச் சாவியைப் போட்டாள். அதற்கும் திறந்துகொண்டது.

டிரையர் பக்கம் சின்னவளோடு வேலை பார்த்த பெண்ணுக்கு நெட்டை என்று பெயர். உயரத்துக்கு வைத்த பெயர். அவளைத் துணிக் கூண்டுகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்ப் பெரியவள் கையை விரித்துக் காட்டினாள்.

நெட்டை அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள். "எல்லாப் பூட்டுக்கும் மாத்துச் சாவி இருக்குக்கா. அவர் மேஜை டிராயர்ல, டப்பாவுல. நாங்கதான் கேட்டோம். யாராவது பூட்டைச் சுவிட்சுலயே விட்டுட்டு, சாவியோட வீட்டுக்குப் போயிட்டா, அடுத்த ஷிப்ட் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கணும். அவர்தான் சத்தமில்லாம திறந்து விடுவார்."

"இவளும் அப்படி விட்டுட்டு வந்திருக்காளா?"

"ரெண்டு தடவை. அக்காகிட்ட சொல்லிடாதே, கொன்னுடுவான்னு சொல்லுவா. எடுக்கத்தான் மறப்பாக்கா. போடாம ஒரு நாளும் உள்ளே போனதில்லை. அவளுக்கு உள்ளே போகவே பயம்."

"இதை ஏன் நீ யார்கிட்டயும் சொல்லலை?"

"என்னை யாரும் கேட்கலையே" என்றாள் நெட்டை. கேட்கவில்லைதான். கேட்கப்பட்டவள் பெரியவள்.

அப்போதே சாவியை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போயிருக்க வேண்டும். புத்தி உள்ளவர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் பெரியவளுக்கு அந்த வெந்த கைகள் கண்ணுக்குள் நின்றன. எது எப்படி நடந்தது என்று முதலில் அவர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. நேரே அவருடைய கண்ணாடித் தடுப்பு அறைக்குப் போய்ச் சாவியை மேஜைமேல் வைத்தாள்.

அவர் சாவியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, வடு பாய்ந்த கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

"ஆமா தங்கச்சி. நான்தான்."

அவள் எதிர்பார்த்தது மறுப்பை.

"ஆஸ்பத்திரி வண்டி வாசல்ல நின்னு ஹாரன் அடிக்கிறான். அறுவை அறைக்குத் துணி இல்லைங்கிறான். மெயின்ல பூட்டு தொங்குது. அவ பூட்டு. மணி ரெண்டேகால். மறுபடியும் விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டான்னு நினைச்சேன். ரெண்டு தடவை போயிருக்காளே. மாத்துச் சாவியைப் போட்டுத் திறந்து, பூட்டை ஆணியில மாட்டிட்டு, சுவிட்சைத் தூக்கிட்டேன். பின்னாடி போய் ஒரு எட்டுப் பார்த்திருக்கலாம். இருபது அடி. பார்க்கலை."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அண்ணே."

"சொல்லத்தான் இருந்தேன். எல்லாரும் பலகையைப் பார்த்துட்டு, பூட்டே போடலையேன்னாங்க. ஆமான்னு வாயில வந்துடுச்சு. அப்புறம் திருப்பிச் சொல்ல முடியலை."

பெரியவளும் அழுதாள். அவர்மேல் அவளுக்கு வெறுப்பு வரவில்லை. சாவு விழுந்து அழுகிற வீட்டில் யார் யாரை வெறுப்பது? அவசரக் கை, ஒரு நிமிஷப் பிசகு. எவருக்கும் நேரும். அதற்கு அம்மா அவரை மண்ணை வாரித் தூற்றுவாள், ஒரு வருஷம் திட்டுவாள். அதற்கப்புறம் ஒருநாள் அந்தக் கைகளைப் பார்த்து இரங்கக்கூடச் செய்வாள். ஆனால் சின்னவளைத் திட்டுவது இன்றோடு நின்றுவிடும். பெரியவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். செத்தவள் தன் தப்பால் சாகவில்லை என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டும்.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஆபீஸுக்கு வந்துடு. நானே என் வாயால சொல்லிடறேன். எனக்கும் தூக்கம் போயிடுச்சு தங்கச்சி" என்றார் அவர். அவள் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தபோது, "பத்திரமா வச்சுக்கோ" என்றும் சொன்னார். சொல்லும்போது மனதார நினைத்துத்தான் சொன்னார். அவரிடம் கோளாறே அதுதான். உண்மையும் அவர் வாயில் மற்ற 'ஆமா'க்களோடு சேர்ந்த இன்னொரு 'ஆமா'.

மறுநாள் பத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே பெரியவள் விசாரணை ஆபீஸுக்குப் போய்விட்டாள். அவர் அவளுக்கும் முன்னால் வந்து, அதிகாரியின் எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. சூப்பர்வைசர் எல்லாம் சொன்னார்" என்றார் அதிகாரி. பெரியவளுக்கு மூச்சு வந்தது. "உங்க நிலைமை எனக்குப் புரியுது. கூடப் பிறந்தவ போனா யாருக்கும் மனசு ஒத்துக்காது. ஏதோ சாவி கிடைச்சதாமே?"

அவள் ஆமாஞ்சாமியைப் பார்த்தாள். அவர் டீ டம்ளரைப் பார்த்தார். அவள் சாவியை வைத்து, பூட்டினால்தான் சாவி வரும் என்பதையும் பலகையில் இருந்த இரண்டாவது சாவியையும் கோவையாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, "நேத்து இவரே ஒத்துக்கிட்டார் சார்" என்றாள்.

"சொன்னேன்" என்றார் ஆமாஞ்சாமி, மெதுவாக. "மறைக்கலை சார். பொண்ணு வந்து நின்னு தேம்பித் தேம்பி அழுதது. மனசு கேட்கலை. ஆமா, நான்தான்னு சொன்னா அதுக்கு ஒரு ஆறுதலா இருக்குமேன்னு சொன்னேன். தப்பா இருந்தா என்னைத் திட்டுங்க."

பெரியவள் அவரையே பார்த்தாள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். கிள்ளியதே பிள்ளை தூங்கட்டும் என்றுதான் என்று சொல்கிறவரை இப்போதுதான் பார்க்கிறாள்.

அதிகாரி நல்ல மனிதர். இரண்டு தெரு தள்ளியிருந்த ஆலைக்கு அவரே நடந்து வந்தார். பலகையில் பதினேழாம் நம்பர் ஆணி காலியாக இருந்தது.

"பழைய பூட்டா சார்? அதைப் பார்த்தாலே பொண்ணுங்களுக்குப் பயம். நேத்து சாயங்காலம்தான் பழைய இரும்போட போட்டுட்டேன்" என்றார் ஆமாஞ்சாமி. மேஜை டிராயரைத் தானே இழுத்துக் காட்டினார். டப்பா இருந்தது. அதில் குண்டூசி இருந்தது.

நெட்டையைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் முதலில் பெரியவளைப் பார்த்தாள், பிறகு கண்ணாடிக்குப் பின்னால் நின்றிருந்த முதலாளியைப் பார்த்தாள். "மாத்துச் சாவின்னு ஒண்ணு நான் பார்த்ததில்லை சார்" என்றாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள். அவளிடமும் அவர் நேற்று மாலையே பேசியிருந்தார். மாற்றுச் சாவியைப் பற்றிப் பேசக் கூடாது என்பது முதலாளி உத்தரவு, தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று அவளிடம் சொன்னார். முதலாளியிடம், நெட்டை கைமறதியாகச் சுவிட்சைத் தூக்கியிருக்கலாம், கிளற வேண்டாம் என்று சொன்னார். இதெல்லாம் பெரியவளுக்குப் பின்னாளில் தெரிந்தது. கெட்டவனிலும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் உண்டு. அவன் எதிரே நின்று சண்டை போடலாம், தோற்றாலும் யாரிடம் தோற்றோம் என்று தெரியும். இவரிடம் தள்ளுவதற்கு ஒரு சுவர்கூட இல்லை. ஓங்கின கை எங்கேயும் படாமல் தன்மேலேயே வந்து விழுந்தது.

விழுந்தும்விட்டது. அதிகாரி கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். பெரியவளின் கையெழுத்து.

"அம்மா, இதை நீங்கதான் சொன்னீங்க. மறதி அதிகம், பூட்டுப் போட மறந்திருக்கலாம்னு. யாரும் உங்களை அடிச்சுக் கேட்கலை. இப்போ வந்து வேற சொல்றீங்க. சாவி இருக்கு, சரி. அது எந்தப் பூட்டோடதுன்னு காட்டப் பூட்டு இல்லை. ரெண்டு பேச்சுல நான் எதை எடுத்துக்கிறது?"

"அன்னிக்கு எனக்குத் தெரியாது சார்."

"தெரியாததை ஏம்மா கையெழுத்துப் போட்டீங்க?"

அவர் குரலை உயர்த்தவில்லை. அதற்குப் பதிலும் எதிர்பார்க்கவில்லை. கோப்பை மூடிக்கொண்டு போய்விட்டார். ஆமாஞ்சாமி வாசல் வரை கூடப் போய் வழியனுப்பிவிட்டு, அப்படியே எங்கோ வெளியே போனார். பெரியவள் தையல் அறைக்குத் திரும்பி, ஷிப்ட் முடிகிற வரை ஊசியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

போனால் போகட்டும், அதிகாரி நம்பாவிட்டால் ஒழியட்டும். அம்மா நம்பினால் போதும். சாவியைப் பார்த்தால் அம்மா நம்புவாள். அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் ஏறினாள்.

அம்மா சமையலறையில் நாற்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். மேஜைமேல் இரண்டு டம்ளர் இருந்தது. யாரோ வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"சூப்பர்வைசர் வந்துட்டுப் போனார்" என்றாள் அம்மா.

"என்னம்மா சொன்னார்?"

"நீ முதல்ல சொல்லு. கையில என்ன?"

பெரியவள் சாவியை மேஜையில் வைத்தாள். ஏப்ரன், உள்பை, பித்தான், பூட்டு, மாற்றுச் சாவி என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அதிகாரிக்குப் புரியாதது அம்மாவுக்குப் பாதியிலேயே புரிந்துவிட்டது.

"அப்போ அவ பூட்டிட்டுத்தான் உள்ளே போனா."

"ஆமாம்மா."

"மறக்கலை."

"மறக்கலைம்மா."

அம்மா சாவியைக் கையில் எடுத்து வெகுநேரம் வைத்திருந்தாள். ஆறு வாரமாக வராத அழுகை அப்போது வந்தது. பெரியவள் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டாள். அம்மா அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டாள்.

"அவர்கிட்ட நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். என் பொண்ணு மறந்துட்டான்னு எழுதினாங்களே, அதை யார் சொன்னது, நீங்களான்னு கேட்டேன். நான் சொல்வேனாம்மா, உங்க பெரியவதான் வந்து சொல்லிக் கையெழுத்துப் போட்டான்னார். நிஜமா?"

ஆமாஞ்சாமி தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆயிரம் பொய் சொன்ன வாய்க்கு ஆயிரத்தோராவது பாரமா? ஆனால் அம்மாவின் முகம் தன்னைப் பார்த்துக் கோணும்போல இருந்தது, உடனே அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். இந்த விவகாரம் முழுவதிலும் அவர் சொன்னதைச் சொன்னபடி விட்டுவிட்டுப் போன உண்மை அது ஒன்றுதான்.

"உன்னை விசாரணைக்குக் கூப்பிடக் கூடாதுன்னுதாம்மா..."

"நிஜமா?"

"நிஜம்தான்."

"என்ன சொன்னே? சொன்ன மாதிரியே சொல்லு."

பெரியவள் நின்றபடியே சொன்னாள். குடையை, பாலை, வீட்டுச் சாவியை. மறந்திருக்கலாம் சார். நானே எத்தனையோ தடவை கண்டிச்சிருக்கேன். சொல்லச் சொல்லத் தன் குரலே அவளுக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"ஆறு வாரம் நான் அவளைத் திட்டினேன்" என்றாள் அம்மா. "பூட்டுப் போட்டவளைப் பூட்டுப் போடலைன்னு திட்டினேன். நீ பக்கத்துலயே உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தே."

"அந்த ஆள் பேச்சை நம்பிட்டேன்மா."

"அவன் யாரோ. பொய் சொன்னான்னா அது அவன் பிழைப்பு." அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, இரண்டு டம்ளரையும் எடுத்துக் கழுவப் போட்டாள். "நீ அவளுக்கு அக்கா. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் தங்கச்சி அப்படிச் செஞ்சிருக்க மாட்டான்னு உனக்குச் சொல்லத் தோணலையே."

பெரியவள் வாயைத் திறந்தாள். அம்மா குழாயைத் திறந்துவிட்டாள், தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.